46 மி.மீ. ஆக்சில் நட்டுக்கு 9 மடங்கு டார்க் மல்டிபிளையர்: பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் வைத்திருப்பவர்கள் வாங்கலாமா?

ஃபோக்ஸ்வாகன் டி3 வேனின் பின்சக்கர நடுவிலுள்ள மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு பெரிய நட்டு உட்கார்ந்திருக்கும். சாக்கெட் அளவு 46 மி.மீ. தலையில் ஆறு வெட்டு, வெட்டின் வழியே ஆக்சிலைத் துளைத்துப் போய் நட்டு கழலாமல் தடுக்கும் ஒரு கோட்டர் பின். நட்டுக்குக் குறித்திருக்கும் இறுக்கம் 500 நியூட்டன் மீட்டர். அதே சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுகளுக்கு 180 போதும். 1979 முதல் ஜெர்மனியின் ஹனோவரிலும், பிறகு 2002 வரை தென்னாப்பிரிக்காவிலும் தயாரான வண்டி இது. கடைசியாக வந்ததற்கே இருபது வயது தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடியதென்றால் நட்டும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) துருவேறி ஒரே இரும்பாக நிற்கும்.

பிரேக் ஷூ மாற்ற மட்டும் இந்த நட்டைத் தொட வேண்டியதில்லை. டி3-யில் டிரம் தனி, ஹப் தனி. பின்சக்கர பேரிங், ஹப்பின் ஆயில் சீல், பிரேக் பின்தகடு என்று ஹப்புக்குப் பின்னால் இருக்கிற எதற்குப் போவதானாலும் இதைக் கழற்றியே ஆக வேண்டும். பீட்டில் காரில் அப்படியில்லை, டிரம்மும் ஹப்பும் ஒன்றே; பிரேக் ஷூவுக்கே நட்டைக் கழற்ற வேண்டும். அங்கே நட்டு 36 மி.மீ., இறுக்கம் சுமார் 300.

இங்கே எடைபோடும் கருவி, பழைய ஃபோக்ஸ்வாகன் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் 9 மடங்கு டார்க் மல்டிபிளையர். உள்ளங்கையில் அடங்காத இரும்பு உருளை. உள்ளே சூரியப் பல் என்ற நடுப் பற்சக்கரமும் அதைச் சுற்றும் கோள்பற்களும். ஒரு பக்கம் அரை இஞ்ச் ராடு (திருப்பும் கைப்பிடிக் கம்பி) மாட்டும் சதுரக் குழி, மறுபக்கம் நட்டைக் கவ்வும் சாக்கெட். உருளையோடு சேர்ந்த ஒரு தடித்த கையை ஹப்பின் சக்கர போல்ட்டில் மாட்டி முடுக்க வேண்டும். ராடை ஒன்பது சுற்று சுற்றினால் நட்டு ஒரு சுற்றுத் திரும்பும். பல்தேய்ப்பில் போகும் கொஞ்சம் நீங்கலாக, கொடுக்கிற திருகுவிசை (டார்க்) ஒன்பது மடங்காகிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வேனைத் தானே பழுது பார்ப்பவர்களுக்கு இது வாங்க வேண்டிய கருவி. கழற்றுவதற்காக அல்ல, கழற்ற வேறு நாலு வழி இருக்கிறது. 500-ஐ எட்டியது என்று கணக்கோடு சொல்லித் திருப்பி இறுக்குவதற்காக. ஆனால் இரண்டு குறை உண்டு, இரண்டும் சின்னவை அல்ல.

முதலில் அதன் பெரிய பலம். நீள ராடு போட்டு 500 கொடுக்கும்போது அந்த 500-ம் சக்கரத்தைச் சுற்றப் பார்க்கும். ஹேண்ட்பிரேக் அதைத் தாங்காது, ஸ்டாண்டு மேல் நிற்கும் வண்டியென்றால் வண்டியையே இழுத்துத் தள்ளிவிடும். மல்டிபிளையர் அப்படியில்லை. அது நட்டை ஒரு பக்கம் திருகும்போது, அதன் கை ஹப்பை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஹப்பும் ஆக்சிலும் ஸ்ப்ளைன் எனும் நீளவாட்டுப் பற்களால் பிணைந்திருப்பதால் இந்த இழுபறி நட்டுக்கும் ஹப்புக்கும் இடையிலேயே அடங்கிவிடும். சக்கரத்தைச் சுற்றப் பார்ப்பது நாம் ராடில் கொடுக்கும் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 56 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான். சுமாரான ஹேண்ட்பிரேக் கூட அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தே வேலை செய்யலாம். நீள ராடு முறையில் இது ஆகாது.

ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். இரண்டையும் தூக்கிவிட்டால் கியரில் போட்டும் பயனில்லை. இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாக மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொடுக்கும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள்.

இனி கழற்றும் முறை. வேலைக்கு முந்தின நாளே தொடங்குங்கள். ஆக்சில் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையை ஒயர் பிரஷால் வெள்ளையாகும்வரை தேயுங்கள். துருவோடு நட்டைத் திருப்பினால் அந்தத் துருவே மரையை அராவிவிடும். பிறகு ஊடுருவும் எண்ணெய். எல்லோரும் நட்டின் தலைக்குத்தான் அடிக்கிறார்கள். இறுக்கம் தங்கியிருக்கும் இடம் நட்டின் அடிமுகம்: நட்டைத் திருகும் விசையில் ஏறக்குறைய பாதி, அந்த அடிமுகம் ஹப்பில் தேய்வதிலேயே செலவாகிறது. எனவே நட்டும் ஹப்பும் சேரும் கோட்டைச் சுற்றி அடியுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் இன்னொரு தடவை அடியுங்கள்.

கோட்டர் பின் பெரும்பாலும் முதல் சண்டையைக் கொடுக்கும். வளைந்த கால்களைக் குறடால் நிமிர்த்தி, கட்டிங் பிளேயரால் தலையைக் கவ்வி, பிளேயரை நட்டின் மேல் சாய்த்து நெம்பினால் வரும். தலை முறிந்துவிட்டால் மறுமுனையிலிருந்து துளையைவிட மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் டிரில் போடுவதுதான் வழி. பின்னின் மிச்சத்தை உள்ளே வைத்துக்கொண்டே நட்டைத் திருப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது அறுந்து மரைக்குள் சிக்கினால் ஆக்சிலின் மரை பாழ்.

இப்போது மல்டிபிளையரின் கையைச் சக்கர போல்ட்டில் மாட்டி நன்றாக முடுக்குங்கள். கை ஹப்பின் முகத்தோடு படிந்து உட்கார வேண்டும். விரல் அளவு இடைவெளி விட்டு மாட்டினால் விசை போல்ட்டின் நுனியில் விழுந்து போல்ட்டை வளைக்கும். இதுதான் முதல் குறை: இத்தனை விசையையும் ஒரே போல்ட்டிடம் கொடுக்கிறார்கள். கை 6 செ.மீ. தூரத்தில் போல்ட்டைத் தள்ளுகிறது என்றால் 500 நியூட்டன் மீட்டரில் அந்தப் போல்ட் தாங்குவது கிட்டத்தட்ட 800 கிலோ. துரு பிடித்த நட்டு அசைய 1000 கேட்டால் அது இரட்டிப்பாகும். இரண்டு போல்ட்டில் மாட்டும் கை கொண்ட வகை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுங்கள்.

ராடைச் சுற்றத் தொடங்கும்போது முதல் ஒன்றிரண்டு சுற்று வெறுமனே போகும். கருவி பழுது என்று பதற வேண்டாம். பற்களுக்கு இடையிலுள்ள தளர்வு எடுபடுகிறது, அவ்வளவுதான். அதன்பிறகு ராடு கனக்கும். 60 செ.மீ. ராடின் நுனியில் 19 கிலோ அழுத்தம் கொடுத்தாலே நட்டில் 1000 நியூட்டன் மீட்டர் விழும். உங்கள் கைக்கு ஒன்றும் தெரியாது, கருவியின் எல்லை தாண்டியிருக்கும். கருவிக்கு எழுதியிருக்கும் உச்ச அளவைப் பார்த்து, அதை ஒன்பதால் வகுத்து, அதற்கு மேல் ராடில் போகாதீர்கள். ராடின் மேல் பைப் மாட்டவே கூடாது. உள்ளே பல் உடைந்தால் வெளியே எடுக்கக்கூட முடியாமல் நட்டோடு சிக்கிக்கொள்ளும்.

விடுபடும் நேரத்தைக் கிட்ட இருந்து பார்த்தால் நட்டு முதலில் சுற்றாது. அடிமுகத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு பிளக்கும், அதிலிருந்து காப்பிப்பொடி நிறத்தில் துரு உதிரும், ஒரு கிறீச் கேட்கும். அங்கே நிறுத்தி அந்தக் கோட்டுக்குள் மறுபடி எண்ணெய் விடுங்கள். கால் சுற்றுக் கழற்றி, அதில் பாதி திருப்பி முடுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னும் போனால் மரை பிழைக்கும்.

கழற்றியதும் ஹப்பின் உள் ஸ்ப்ளைனைப் பாருங்கள். பற்கள் சதுரமாக, பளபளப்பாக இருந்தால் சரி. செந்தூள் படிந்து, பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கத்திமுனை போல ஆகியிருந்தால் முன்பு யாரோ நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்; பலர் அதை ஆக்சில் ஜாயிண்ட் என்று நினைத்துக் காசைச் செலவழிப்பார்கள். இந்த ஹப்பைத் திரும்பப் போட்டு 500-க்கு இறுக்கினாலும் நிற்காது. மாற்றியாக வேண்டும். ஸ்ப்ளைன் முழுக்கச் செத்தால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது.

மல்டிபிளையருக்கும் மசியாத நட்டு உண்டு. கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றலாம் என்பார்கள். ஹப்புக்குப் பின்னால் ஆயில் சீலும் பேரிங் கிரீஸும் இருக்கின்றன. அவற்றை மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் சூடு வையுங்கள். ஊறவிட்ட எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுக்காமல் தீயைக் காட்டாதீர்கள், பற்றிக்கொள்ளும். நாங்கள் சூட்டைவிட நட்டைப் பலிகொடுப்பதையே விரும்புகிறோம். ஒரு வெட்டுக்கு நேர்கீழே, நட்டின் பட்டையில், ஆக்சிலுக்கு இணையாகக் கிரைண்டர் பிளேடால் அறுங்கள். மரைக்கு ஒரு மி.மீ. மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, உளியை அந்தப் பிளவில் வைத்துச் சம்மட்டியால் ஒரு அடி. நட்டு வாய் பிளந்துவிடும், பிறகு கையாலேயே சுற்றலாம். ஹப்பின் முகத்தில் பிளேடு படாமல் ஒரு தகட்டுத் துண்டை வையுங்கள். புது நட்டின் விலை ஆக்சிலின் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

திருப்பி இறுக்கும் பகுதிக்கு வந்தால் இரண்டாவது குறை தெரியும். 500-ஐ ஒன்பதால் வகுத்தால் 55.6. டார்க் ரென்ச்சை (குறித்த இறுக்கம் வந்ததும் சொல்லும் ராடு) 56-ல் வைத்து ‘கிளிக்’ வாங்கிவிட்டால் முடிந்தது என்றுதான் பலரும் செய்கிறார்கள். பற்கள் பற்களோடு தேய்வதில் ஒரு பங்கு போய்விடும். கருவி நூற்றுக்குத் தொண்ணூறுதான் கடத்துகிறது என்றால் 56-ல் நட்டுக்குப் போய்ச் சேருவது வெறும் 454. அதே கருவியில் 500 வேண்டுமானால் ரென்ச்சில் 62 வைக்க வேண்டும். நல்ல கருவியோடு ‘இவ்வளவு வேண்டுமென்றால் ரென்ச்சில் இவ்வளவு’ என்று ஒரு அட்டவணை வரும். மலிவு நகல்களில் ‘9:1’ என்ற பொறிப்பு மட்டும் இருக்கும். அட்டவணை இல்லாத கருவியை வாங்க வேண்டாம். உள்ளே கிரீஸ் காய்ந்திருந்தால் தேய்ப்பு இன்னும் கூடும், அட்டவணையும் பொய்த்துவிடும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுக் கிரீஸ் வையுங்கள்.

மரையில் தாராளமாகக் காப்பர் கிரீஸ் தடவும் பழக்கமும் நல்லதல்ல. அதே 500-க்கு நட்டு இழுத்துப் பிடிக்கும் விசை கணிசமாக ஏறி, மரையை நீட்டிவிடும். மரை சுத்தமாக, துளி எண்ணெய் காட்டியதுபோல் இருந்தால் போதும். கிரீஸ் வைக்க வேண்டிய இடம் ஸ்ப்ளைன். அங்கேயும் மெல்லிய பூச்சுதான்.

500 வந்ததும் கோட்டர் பின் துளை வெட்டுக்கு நேராக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அநேகமாக நிற்காது. துளை தெரியும்வரை மேலும் முடுக்க வேண்டும். பின்னால் தளர்த்திச் சேர்ப்பது கூடவே கூடாது. ஆறு வெட்டு இருப்பதால் ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் 60 பாகை, மல்டிபிளையர் ராடில் ஒன்றரைச் சுற்று. இந்த இடத்தில் கருவி பொன்னாக நடந்துகொள்ளும்: நட்டை நூலளவு நூலளவாக நகர்த்தித் துளைக்கு நேராக நிறுத்தலாம். நீள ராடில் ஒரு உந்தலில் துளையைத் தாண்டிப் போய்விடுவது சகஜம். 500-ஐ எட்டும்போது துளை அப்போதுதான் தாண்டியிருக்கிறது, அடுத்த வெட்டுக்கு இன்னும் 50 பாகை இருக்கிறது என்றால் வலுக்கட்டாயமாக முடுக்க வேண்டாம். இடது வலது நட்டுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அல்லது வேறொரு புது நட்டு எடுங்கள். மரை தொடங்கும் இடம் நட்டுக்கு நட்டு மாறும், துளை வேறு இடத்தில் வந்து நிற்கும். கோட்டர் பின் எப்போதும் புதிது.

மற்ற வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இவற்றைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

சம்மட்டியால் அடிக்கும் தடித்த ஸ்பேனர் மலிவு, நட்டும் கழலும். ஒவ்வொரு அடியும் பேரிங் உருண்டைகள் வழியாகப் போய், பேரிங் வளையத்தில் குழி பதிக்கும். பேரிங்கைத் தூக்கி எறியப் போகிறீர்கள் என்றால் அடியுங்கள். இறுக்க இது உதவவே உதவாது. எத்தனை அடி 500 என்று யாராலும் சொல்ல முடியாது.

அடித்தடித்து நட்டைச் சுற்றும் பேட்டரி இம்பாக்ட் கன் நன்றாகக் கழற்றும். ஆனால் அட்டையில் எழுதியிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் நியூட்டன் மீட்டரை நம்பி அரை இஞ்ச் கன்னில் அடாப்டர் போட்டு 46 சாக்கெட்டை மாட்டினால் ஏமாற்றம்தான். சாக்கெட்டின் கனமும் அடாப்டரின் தளர்வும் அடியை விழுங்கிவிடும். முக்கால் இஞ்ச் கன், கட்டையான இம்பாக்ட் சாக்கெட், நடுவில் வேறெதுவும் இல்லை என்றால்தான் வேலை நடக்கும். கடைசி இறுக்கத்துக்குக் கன்னைத் தொடாதீர்கள்.

லாரிக்காரர்கள் வைத்திருக்கும், கைப்பிடி சுற்றும் 58 மடங்குக் கருவியையும் சிலர் இதற்கு வாங்குகிறார்கள். கழற்றிவிடும். இறுக்கும்போது 500-க்குக் கைப்பிடியில் வேண்டியது 9 நியூட்டன் மீட்டர்கூட இல்லை, விரல் விசை. சாதாரண டார்க் ரென்ச்சின் கணக்கு 20, 40-க்கு மேல்தான் தொடங்குகிறது, அளக்கவே முடியாது. இந்த வேனுக்கு அது வேண்டாம்.

மல்டிபிளையருக்கு நிகராக நிற்பது முக்கால் இஞ்ச் ராடும் உடல் எடையும்தான். கருவிக்குக் காசில்லாதவர்கள் இதைத் தைரியமாகச் செய்யலாம். சக்கரம் மாட்டி, வண்டி தரையில் நிற்க வேண்டும். சக்கர நடுவின் ஓட்டை வழியாகச் சாக்கெட் போக வேண்டும். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கட்டை வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் வலது மரைதான். சக்கரத்தைப் பார்த்து நின்றால் ராடு வலக்கைப் பக்கம் நீண்டிருக்கும்போது மிதித்தால் இறுகும். இடக்கைப் பக்கம் நீட்டினால் கழலும். ராடு படுக்கையாக இருக்கும்போது நட்டின் நடுவிலிருந்து 80 கிலோ ஆள் 64 செ.மீ. தூரத்தில் நின்றால் 500. 70 கிலோவுக்கு 73 செ.மீ., 60 கிலோவுக்கு 85. நாலு கிலோ எடையுள்ள 1.2 மீட்டர் ராடு தன் எடையாலேயே 24 சேர்க்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். முழு எடையும் ராடில் இறங்க வேண்டும், ஆனால் மெதுவாக ஏற வேண்டும். குதித்தால் கணக்கு போச்சு. உங்கள் மல்டிபிளையரின் அட்டவணை சரியா என்று சோதிக்கவும் இதுவே சுலபமான வழி: கருவியால் இறுக்கிய நட்டை, கோட்டர் பின் போடும் முன், இந்த முறையில் மிதித்துப் பாருங்கள். நட்டு மேலும் நகர்ந்தால் கருவி குறைவாகக் கொடுக்கிறது.

எந்த வழியானாலும் சாக்கெட்டில் கஞ்சம் கூடாது. ஆறு பட்டை சாக்கெட்தான், பன்னிரண்டு பட்டை வேண்டாம். 46 மி.மீ. கிடைக்காத ஊரில் 1 13/16 இஞ்ச் சாக்கெட் வாங்குங்கள், அது 46.04 மி.மீ., கச்சிதமாக உட்காரும். பீட்டிலின் 36-க்கு 1 7/16 இஞ்ச் அப்படியில்லை, அரை மி.மீ. தொளதொளக்கும். சாக்கெட்டின் வாயில் உட்பக்கச் சரிவு அதிகமாக இருந்தால், வெட்டுக்குக் கீழே நட்டில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச உயரத்தைப் பிடிக்காமல் எத்தும். வாயைக் கிரைண்டரில் தட்டையாகச் சீவிவிட்டால் முழுப் பட்டையும் கவ்வும்.

பழைய மல்டிபிளையர் விற்பனைக்கு வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ராடு மாட்டும் சதுரக் குழியின் மூலைகள் உருண்டிருந்தால் யாரோ பைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். கருவியின் கையிலுள்ள போல்ட் ஓட்டை முட்டை வடிவமாக நீண்டிருந்தால் தளர்வாக மாட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கை இனி எந்தப் போல்ட்டிலும் படிந்து உட்காராது. வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் பின்னை எடுத்து இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பதால், இரவல் வாங்குகிறவர்கள் கருவியை அதுவரை வைத்துக்கொள்ளும்படி பேசிக்கொள்ளுங்கள்.